புயல் நாளில் வைத்திய உதவிக்கான தலைமை நிலையம் எங்கே இருக்க வேண்டும்?

(கடலோர கிராமங்களின் சுகாதார ஊழியர்கள், மீனவர்கள், விவசாயத் தொழிலாளர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



புயலையும் கடல் பொங்குவதையும் நம்மால் தடுத்துவிட முடியாது. ஆனால் புயல் அடித்த மறுநாள் காலையில் அடிபட்டவனை எங்கே தூக்கிச் செல்வது, எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை இருக்கிறது, எந்தச் சாலையில் வண்டி போகும், மருந்து எங்கிருந்து வரும் என்ற நான்கு கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லக்கூடிய ஓர் இடம் இருக்கிறதா, இல்லையா என்பது கடலின் கையில் இல்லை. அது மனிதர்கள் முன்கூட்டியே செய்கிற முடிவு. அந்த இடத்தைத்தான் வைத்திய உதவி ஒருங்கிணைப்பு நிலையம் என்கிறோம். அதை எங்கே அமைப்பது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

"இதில் பேச என்ன இருக்கிறது? காலிப் புறம்போக்கு எங்கே கிடைக்கிறதோ அங்கே ஒரு கட்டடம் எழுப்பினால் போயிற்று" என்று சிலர் கேட்கலாம். அந்த எண்ணம்தான் பல இடங்களில் உயிர்களைக் குடித்திருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

நிலையம் செய்யும் வேலை

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இந்த நிலையம் இன்னொரு ஆஸ்பத்திரி அல்ல. ஆஸ்பத்திரி நோயாளிக்கு வைத்தியம் செய்கிறது. இந்த நிலையமோ ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸுகளையும் டாக்டர்களையும் நர்ஸுகளையும் மருந்துக் கிடங்குகளையும் ஒரு கயிற்றில் கோக்கிறது. வெள்ளத்தில் பாம்பு கடித்தவனுக்கு மருந்து எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறது, டயாலிசிஸ் தவறினால் பிழைக்க முடியாதவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள், எந்த முகாமில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியிருக்கிறது, எந்தக் குடிநீர்த் தொட்டியில் இன்னும் குளோரின் போடவில்லை என்பவை அன்றாடம் அங்கே வந்து சேர வேண்டும். அங்கிருந்து உத்தரவு புறப்பட வேண்டும்.

இந்த வேலை நடந்தால் என்ன பலன் என்பதற்கு நமது சொந்த அனுபவமே சாட்சி. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமியில் தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். அவர்களில் 6,000 பேருக்கு மேல் அன்றைய நாகை ஜில்லாவைச் சேர்ந்தவர்கள். இன்றைய மயிலாடுதுறை ஜில்லாவின் கடற்கரையும் அன்று அதில்தான் இருந்தது. பிணங்கள் குவிந்து கிடந்தன, கிணறுகளில் உப்பு நீர் ஏறியது, ஆயிரக்கணக்கானோர் முகாம்களில் நெருக்கியடித்து இருந்தனர். அப்படியிருந்தும் பெரிய தொற்றுநோய் எதுவும் பரவவில்லை. வெளி ஊர்களிலிருந்து வந்த டாக்டர்களும் நர்ஸுகளும், பிணங்களை அகற்றிப் புதைத்த துப்புரவுத் தொழிலாளர்களும், தண்ணீருக்கு மருந்து போட்ட ஊழியர்களும் செய்த காரியம் அது. அவர்கள் உழைப்பு வீணாகாமல் இருக்க, யார் எங்கே போவது என்று சொல்ல ஓர் இடம் வேண்டும். அந்த இடமே தண்ணீரில் மூழ்கிவிட்டால்?

தானே பலியாகும் நிலையம்

அப்படி நடந்ததுண்டா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது.

குஜராத்தில் 2001 ஜனவரி 26-ந் தேதி பூகம்பம் வந்தபோது பூஜ் நகரின் அரசு ஆஸ்பத்திரியே இடிந்து விழுந்தது. வைத்தியம் செய்ய வேண்டியவர்களும் வைத்தியம் பெற வந்தவர்களும் ஒரே இடிபாட்டில் சிக்கினர். ஊரின் ஜூபிலி மைதானத்தில் திறந்த வெளியில் வைத்தியம் நடத்த வேண்டியதாயிற்று.

இலங்கையின் காலி நகரில், 2004 சுனாமியின்போது, கடற்கரையை ஒட்டியிருந்த மகாமோதர பிரசவ ஆஸ்பத்திரிக்குள் அலை புகுந்தது. தாய்மார்களையும் பச்சைக் குழந்தைகளையும் அவசர அவசரமாக வெளியேற்ற நேர்ந்தது. அதே நகரத்துக்கு, சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கராப்பிட்டியவில் இன்னொரு பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. அலை அதைத் தொடவில்லை. அடிபட்டவர்கள் கூட்டம் கூட்டமாக அங்கேதான் வந்து சேர்ந்தார்கள். இரண்டிலும் டாக்டர்கள் இருந்தார்கள், இரண்டிலும் மருந்து இருந்தது. அன்று ஒன்று செயலிழந்ததற்கும் மற்றொன்று நகரத்தைத் தாங்கியதற்கும் காரணம் அவை நின்ற இடம்.

சென்னையைப் பாருங்கள். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை மீறியபோது, ஆற்றோரத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஜெனரேட்டர்கள் வெள்ளத்தில் மூழ்கி, மின்சாரம் நின்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நோயாளிகள் பலர் இறந்தார்கள். கட்டடம் இடியவில்லை. ஜெனரேட்டர் இருந்த உயரம்தான் பிரச்னை. ஆகவே, இடம் என்று நான் சொல்லும்போது எந்த ஊர், எந்தத் தெரு என்பதோடு எத்தனையடி உயரம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

உள்ளே தள்ளிப் போனால் போதுமா?

"அப்படியானால் நிலையத்தைக் கடலிலிருந்து தூரமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டால் தீர்ந்தது" என்று அவசரப்பட வேண்டாம். நமது கரைக்கு வரும் அபாயம் ஒரே மாதிரியானதல்ல.

2004-ல் வந்தது கடல். ஆற்று முகங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், அழிவு பெரும்பாலும் கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிட்டது. அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் நாசமாகிக் கிடந்த அதே வேளையில், திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் சாலையும் மின்சாரமும் ஆஸ்பத்திரியும் ஒழுங்காக இருந்தன.

2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் அப்படிச் செய்யவில்லை. அது நிலத்தின் மீது நடந்து போயிற்று. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களில் தென்னையும் மாவும் சாய்ந்து சாலைகளை மூடின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. டெலிபோன் கோபுரங்கள் ஊமையாயின. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருந்த கிராமங்களும் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டரைத் தேடி அலைந்தார்கள்.

சுனாமிக்கு உள்ளே தள்ளிய இடம் நல்லது. கஜாவுக்கு அது மட்டும் போதாது. இதிலிருந்து வரும் முடிவு என்ன? ஒரே ஒரு நிலையத்தை நம்பி ஒரு ஜில்லாவை விடக் கூடாது. ஒரே அடியில் இரண்டும் விழாதபடி, வெவ்வேறு சாலைகளிலும், வெவ்வேறு ஆற்றுக் கரைகளிலும், வெவ்வேறு மின் பாதைகளிலும் இரண்டு நிலையங்கள் வேண்டும். ஒன்று பேச்சிழந்தால் மற்றொன்று அந்த நிமிஷமே பொறுப்பை ஏற்க வேண்டும்.

கணக்கும் கடைசி ஊரும்

திட்டம் போடுகிறவர்கள் ஒரு கணக்குப் போடுவார்கள். எல்லா ஜனங்களுடைய தூரத்தையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை எங்கே மிகக் குறைகிறதோ அதுவே சரியான இடம் என்பார்கள். நியாயமாகத்தான் தோன்றும். ஓர் உதாரணத்தால் சோதித்துப் பார்ப்போம்.

ஒரே சாலையில் மூன்று ஊர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே 6,000 பேர் உள்ள பெரிய ஊர். அங்கிருந்து 6 கிலோமீட்டரில் 2,000 பேர் உள்ள நடு ஊர். 12-வது கிலோமீட்டரில், சாலை முடிகிற இடத்தில், 1,000 பேர் உள்ள மீனவக் குப்பம். நிலையத்தைப் பெரிய ஊரில் வைத்தால் சராசரித் தூரம் 3 கிலோமீட்டருக்கும் குறைவு. நடு ஊரில் வைத்தால் 4.7 கிலோமீட்டர். ஆகவே பெரிய ஊரே ஜெயிக்கிறது. ஆனால் குப்பத்துக்காரனுக்கு 12 கிலோமீட்டர்! சராசரி அவனைக் காணவில்லை.

"கடைசி மனிதனின் தூரத்தைக் குறைப்போம்" என்று இன்னொரு கணக்குப் போட்டால் நடு ஊர் ஜெயிக்கும். எவருக்கும் 6 கிலோமீட்டருக்கு மேல் இல்லை. இது முன்னதைவிட நல்ல கணக்குத்தான். ஆனால் நடு ஊருக்கும் குப்பத்துக்கும் இடையே ஒரு பாலம் இருக்கிறது, வெள்ளத்தில் அது போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 12 கிலோமீட்டரானால் என்ன, 6 ஆனால் என்ன? இரண்டும் எட்டாத தூரம்தான்.

சாதாரண நாளின் வரைபடத்தை வைத்துக்கொண்டு இடம் தேடக்கூடாது என்பதே இதன் பொருள். எந்தப் பாலம் போகும், எந்தச் சாலை முழுகும் என்று குறித்த, புயல் நாளின் வரைபடத்தை விரித்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபிறகும் எட்டாமல் நிற்கிற ஊருக்கு, புயலுக்கு முன்பே மருந்தும் ஆளும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வேதாரண்யத்தை எண்ணிப் பாருங்கள். கிழக்கிலும் தெற்கிலும் கடல், மேற்கே சதுப்பு நிலம். கோடியக்கரை மீனவனும் அகஸ்தியம்பள்ளி உப்பளத் தொழிலாளியும் சாலை திறக்கும்வரை காத்திருக்க முடியுமா?

மூன்று படிகள்

ஆகவே நமது யோசனை மூன்று படிகள் கொண்டது.

முதல் படி கரையிலேயே. புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் இருக்கும் இடங்களில், மாடியில், ஒரு முதலுதவி நிலையம். அங்கே 3 நாளைக்குப் போதுமான மருந்து, பிரசவம் பார்க்கச் சாமான்கள், பேட்டரியில் இயங்கும் வயர்லெஸ், அந்த ஊர்ப் பாதைகளை அறிந்த நர்ஸ்.

இரண்டாவது படி, கடலலை எட்டாத, ஆனால் கரையிலிருந்து விரைவில் சேரக்கூடிய தாலுகா நிலையம். ஆம்புலன்ஸும், மரம் அறுக்கும் ரம்பமும், அதை இயக்கும் ஆட்களும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கஜா கற்பித்த பாடம் இது: ரம்பம் முன்னால் போகாவிட்டால் ஆம்புலன்ஸ் நகராது.

மூன்றாவது படி, ஜில்லாவின் தலைமை நிலையமும் அதற்கு மாற்றும். 2010-ல் திருவாரூரிலும், 2022-ல் நாகை நகருக்கு மேற்கே ஒரத்தூரிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்திருக்கின்றன. இப்படி இரண்டு பெரிய ஸ்தாபனங்கள் இருக்கும்போது, ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாக நிற்க ஏற்பாடு செய்யலாமா என்று ஆராய வேண்டும். சென்னையிலிருந்து எல்லாவற்றையும் நடத்திவிடலாம் என்ற எண்ணத்துக்கு, டெலிபோன் செத்துக் கிடந்த 2018-ன் நாட்களே பதில்.

"எல்லாம் உள்ளே போகிறது, நம்மைக் கரையில் கைவிடுகிறார்கள்" என்று மீனவத் தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. முதல் படியைக் கட்டாமல் மூன்றாவது படியை மட்டும் கட்டினால் அவர்கள் சொல்வதுதான் நடக்கும். மூன்றும் சேர்ந்தால்தான் ஏணி.

இது நடக்கக்கூடியதா என்று ஐயப்படுவோருக்கு ஒரிஸாவைக் காட்டுகிறேன். 1999 அக்டோபர் பெரும் புயலில் சுமார் 10,000 பேரை இழந்த ராஜ்யம் அது. 2024 அக்டோபரில் டானா புயல் வருமுன், பிரசவத்தை நெருங்கிய 4,000-க்கும் மேற்பட்ட தாய்மார்களை அவர்கள் முன்கூட்டியே சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். யார் எந்த ஊரில் இருக்கிறார், எந்த நிலையம் பத்திரமானது என்ற இரண்டு பட்டியல்களும் முதலிலேயே கையில் இருந்தால்தான் இது சாத்தியம்.

நாம் கேட்பதும் நாம் செய்வதும்

சர்க்காரிடம் நாம் கேட்க வேண்டியவை இவை. இடத்தை முடிவு செய்யுமுன் 2004, 2015, 2018 ஆகிய ஆண்டுகளில் தண்ணீரும் காற்றும் எங்கே எட்டின என்ற விவரத்தைப் பகிரங்கமாக வைக்க வேண்டும். ஒவ்வொரு நிலையத்துக்கும் குறைந்தது இரண்டு வழிகள், ஒன்றாவது பாலமில்லாத வழி, இருக்க வேண்டும். ஜெனரேட்டரும் மருந்துக் கிடங்கும் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். கிராம சபைகளின் அபிப்பிராயத்தைக் கேட்காமல் இடம் குறிக்கக் கூடாது. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு நாள் டெலிபோனையும் மின்சாரத்தையும் நிறுத்திவைத்து, முழு ஒத்திகை நடத்த வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. எந்த மதகில் முதலில் தண்ணீர் தேங்கும், எந்தத் தெருவில் மரம் விழும் என்பது ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அதைக் கேட்டு, வரைபடத்தில் குறியுங்கள். கர்ப்பிணிகள், படுத்த படுக்கையாய்க் கிடப்போர், இன்சுலின் போடுவோர் பட்டியலைக் கிராம சுகாதார நர்ஸோடு உட்கார்ந்து தயாரியுங்கள். அந்தக் குறிப்புகளோடு கலெக்டர் ஆபீசுக்குப் போனால், நமது கோரிக்கையைத் தட்டிக்கழிப்பது சுலபமல்ல.

தோழர்களே! 1952-லும் 1977-லும் 2018-லும் புயல் தாக்கிய கரை இது. இனியும் தாக்கும். அதற்குத் தேதி குறிப்பது நம் கையில் இல்லை. அந்த நாளில் வைத்தியம் எங்கிருந்து புறப்படும் என்பதைக் குறிப்பது நம் கையில் இருக்கிறது. அடுத்த ஐப்பசி மழைக்கு முன் அதைக் குறித்துவிடுவோம்.