போர்முனையிலிருந்து ஏழையின் இல்லத்துக்கு

இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் 1917இல் பிறந்த லாரி பேக்கர் கட்டடக்கலை பயின்றவர். இரண்டாம் உலகப் போரில் படைக்கலம் ஏந்த மறுத்து, மருத்துவத் தொண்டர் அணியுடன் சீனா சென்று, புண்பட்டோருக்கும் தொழுநோயாளருக்கும் பணிவிடை செய்தார். திரும்பும் வழியில் பம்பாயில் காந்தியடிகளைச் சந்தித்தார். 1945இல் மீண்டும் இந்தியா வந்து, தொழுநோயாளருக்கான இல்லங்களை அமைக்கலானார்.

பின்னாளில் கேரளத்தில் வீடுகள் எழுப்பியபோது, செங்கற்களை நிமிர்த்தி அடுக்கிச் சுவரினுள்ளே இடைவெளி விட்டார். ஏறக்குறைய நான்கிலொரு பங்கு செங்கல் மிஞ்சியது. உள்ளே வெப்பமும் தணிந்தது. இச்சிக்கனம் உலோபமன்று. மிஞ்சிய கல் ஒவ்வொன்றும் ஏழையொருவரின் கடன்சுமையைக் குறைத்தது. அவர் 2007இல் மறைந்தார். வீடு கட்டப் புகும் நாமும், ‘இது இன்றியமையாததா?’ என்று முதலில் வினவுவோமாக.