அளவுகோலும் தாயுள்ளமும்



வளர்ந்த மக்கள் கல்வி, பணி, திருமணம் ஆகியவற்றின் பொருட்டு இல்லம் நீங்கிய பின் பெற்றோர் எய்தும் மனநிலையை 'வெற்றுக்கூடு' என்பர் உளவியலார். அம்மனநிலையை எண்ணால் அளக்க இயலுமா?

அமெரிக்க மனநல மருத்துவர்களாகிய தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே இருவரும் 1967-இல் 43 வாழ்க்கை நிகழ்ச்சிகளுக்கு மதிப்பெண் வகுத்தனர். வாழ்க்கைத் துணையின் மறைவுக்கு 100, திருமணத்துக்கு 50, மகனோ மகளோ வீடு நீங்குவதற்கு 29. பலருடைய கணிப்பின் சராசரி இது. நிகழ்ச்சியின் கனத்தை இவ்வெண் காட்டும். அதனைத் தாங்கும் நெஞ்சைக் காட்டாது.

நெஞ்சைக் காட்டுவன, மகட்போக்கிய தாயின் கூற்றாக அமைந்த சங்கப் பாடல்கள். ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் இதற்கென்றே ஒரு பத்தினைப் பாடியுள்ளார். அங்கே பிரிவு உடன்போக்கால் நேர்வது. எனினும் வெறுமையான வீடு ஒன்றுதான். நற்றிணை 184-ஆம் பாடலில் துயரைத் தாங்குமாறு அயலார் தேற்றுகின்றனர். தாயோ, மகள் ஆடிய நொச்சியையும் திண்ணையையும் கண்டு உள்ளம் வேகின்றாள். ஆகவே, 'துயரம் எவ்வளவு?' என்பதோடு 'எதைக் கண்டபோது?' என்றும் வினவுதல் வேண்டும்.

நற்றிணை 110 மற்றோர் உண்மையை உணர்த்துகிறது. பாலுண்ண மறுத்து ஓடிய சிறுமி, கணவன் குடி வறுமையுற்றபோது தந்தை வீட்டுச் சோற்றை நினையாமல், வேளை தவறி உண்கின்றாள். இவ்வறிவை எங்குக் கற்றாள் என வியக்கிறது தாயுள்ளம். மகள் பசித்திருக்கும் வேதனையும் அவள் பண்பால் உயர்ந்த பெருமிதமும் அங்கே ஒருங்கே நிற்கின்றன. ஒன்று மற்றொன்றைக் குறைக்கவில்லை.

துயரையும் நிறைவையும் ஒரே கோலின் இரு முனைகளாகக் கொண்டு கூட்டிக் கழித்தால், இரண்டும் மிகுந்த தாய் நடுவில் நிற்பாள். 'இவள் நலமே' என்று ஏடு கூறும். அவள் இரவில் உறங்காமை எவர்க்கும் தெரியாது. எனவே இரண்டையும் தனித்தனியே அளத்தலே முறை. அகப்பாடல்களில் தந்தை நேரே பேசுவதில்லை. இன்றும் பல இல்லங்களில் அவ்வாறே. அம்மௌனத்தைத் துயரின்மை எனக் கருதிச் சுழியம் இடுதலும் பிழையாகும்.

அளவுகோல் வேண்டாம் என்பதன்று கருத்து. துணை வேண்டி நிற்போரை இனங்காண அது தேவையே. வினாப் பட்டியல் வகுப்போர் முதற்கண் இத்தாயரின் சொற்களைக் கேட்பாராயின், எண்ணுக்குள் அகப்படாத கண்ணீரும் அவர்தம் கணக்கில் இடம்பெறும்.