நம் பிள்ளைகள் ரெஸ்யூமில் எழுதாமல் விடுவது

(வேலை வழிகாட்டுதல் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகிறது. அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் என்று பெரிய கம்பெனிகள் இங்கேதான் வளர்ந்தன. பிறகு போச்சம்பள்ளியில் ஓலா வந்தது, உத்தனப்பள்ளிப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் வந்தது. எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி. பிழைப்புக்காகக் கடல் கடந்து போக வேண்டிய கட்டாயம் இல்லாத ஊரில் அல்லாஹ் நம்மை வைத்திருக்கிறான்.

அப்படியிருந்தும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு: "பையன் எத்தனையோ இடத்தில் எழுதிப் போட்டான், ஒருத்தரும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடவில்லை." இன்று அந்தக் 'கூப்பிடவில்லை' என்ற ஒன்றைப் பற்றி மட்டும் பேசுவோம்.

நம் அலுவலகத்துக்குப் பிள்ளைகள் கொண்டுவரும் ரெஸ்யூம்களைப் பார்க்கிறோம். பெரும்பாலானவை பிரவுசிங் சென்டரில் ஒரே அச்சில் வார்த்தவை. முதலில் யாருக்கும் பொருந்தும் ஒரு இலட்சிய வாக்கியம். பிறகு தகப்பனார் பெயர், மதம், திருமணம் ஆனதா இல்லையா, பொழுதுபோக்கு கிரிக்கெட். கடைசியில் மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று ஒரு உறுதிமொழி. முழுப் பக்கமும் நிறைந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு என்ன வேலை தெரியும் என்பது மட்டும் அதில் இருக்காது.

ஹெச்.ஆர். மேசையில் இருப்பவருக்கு முன்னால் அப்படிப்பட்ட தாள்கள் கட்டுக்கட்டாக வந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் அவர் முழுதாக உட்கார்ந்து படிப்பதில்லை. 'இந்த வேலையை இவர் செய்வாரா?' என்ற கேள்விக்குப் பதில் தாளின் மேல் பாதியில் இருந்தால் தனியே எடுத்து வைப்பார், இல்லாவிட்டால் அடுத்த தாளுக்குப் போய்விடுவார். ஆகவே மதம், தகப்பனார் பெயர், பொழுதுபோக்கு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கிடைத்த இடத்தில் நாம் எழுதாமல் விட்டவற்றை எழுதுவோம்.

பேசும் மொழிகள்

வீட்டில் உருது, பள்ளியில் தமிழ், தெருவில் தெலுங்கு, சந்தையில் கன்னடம். உருது தெரிவதால் இந்தி பேசுவதும் எளிது. எல்லையோரத்தில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு இது மூச்சு விடுவது போல. அதனாலேயே அதை ஒரு தகுதியாக அவர்கள் நினைப்பதில்லை. ரெஸ்யூமில் 'தமிழ், ஆங்கிலம்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள்.

இன்று நம் தொழிற்சாலைகளில் பீகார், ஒடிசா, ஜார்கண்ட் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். சூப்பர்வைசர் தமிழில் சொல்வதை அவர்களுக்கு இந்தியில் புரியவைக்க ஆள் வேண்டும். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் போனால் கன்னடம் வேண்டும். 2024 ஜூலையில் தனியார் வேலைகளில் உள்ளூர்க்காரர்களுக்கு இட ஒதுக்கீடு தரும் மசோதாவுக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்து, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்தது. கன்னடம் தெரிய வேண்டும் என்ற பேச்சு அங்கே எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். எந்த மொழியைப் பேசத் தெரியும், எதைப் படிக்க எழுதத் தெரியும் என்று பிரித்து எழுதுங்கள். ஸ்டோர், டெஸ்பாட்ச், லைன் லீடர், கஸ்டமர் கேர் வேலைகளுக்கு இந்த ஒரு வரி டிகிரிக்குச் சமமாக நிற்கும்.

சான்றிதழ் இல்லாத வேலை

அப்பாவின் வெல்டிங் பட்டறையில் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்தே கை வைத்த பையன், 'ஃப்ரெஷர்' என்று எழுதிக்கொண்டு வருகிறான். மாமாவின் டூ வீலர் கடையில் மூன்று வருடம் இன்ஜின் பிரித்தவனும் 'ஃப்ரெஷர்'. வீட்டில் தையல் ஆர்டர் எடுத்து, அளவு, கணக்கு, கெடு எல்லாம் பார்த்துக்கொண்ட பெண்ணும் 'ஃப்ரெஷர்'. கேட்டால், "அதற்குப் பேப்பர் எதுவும் இல்லையே" என்கிறார்கள்.

பேப்பர் இல்லாவிட்டாலும் வேலை நடந்தது உண்மைதானே? எந்தப் பட்டறை, எந்த ஊர், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, என்னென்ன செய்தீர்கள் என்று அப்படியே எழுதுங்கள். 'நன்றாக வேலை செய்வேன்' என்பதற்கு மதிப்பில்லை. 'லேத் ஓட்டத் தெரியும், வெர்னியர், மைக்ரோமீட்டரில் அளவு பார்ப்பேன், டிராயிங் படிப்பேன்' என்பதற்கு மதிப்பு உண்டு. இப்படிக் கையில் தொழில் வைத்திருந்து சான்றிதழ் இல்லாதவர்களைச் சோதித்துச் சான்று தருவதற்கென்றே, 2015-ல் தொடங்கிய பிரதமரின் கௌஷல் விகாஸ் திட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. அதையும் விசாரித்துப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கான்ட்ராக்டர் மூலம் பெரிய கம்பெனியில் ஒன்றிரண்டு வருடம் இருந்தவர்கள் அனுபவக் கடிதம் கிடைக்கவில்லை என்று அதை மறைத்துவிடுகிறார்கள். பி.எஃப். பிடித்திருந்தால் உங்கள் யு.ஏ.என். எண்ணில் எந்த நிறுவனத்தின் கணக்கில் எப்போதிலிருந்து எப்போது வரை இருந்தீர்கள் என்ற விவரம் இருக்கும். அதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ரெஸ்யூமில் கான்ட்ராக்டர் பெயர், வேலை பார்த்த கம்பெனி, பார்த்த வேலை மூன்றையும் நேர்மையாக எழுதுங்கள். கம்பெனி ரோலில் இருந்ததாக எழுத வேண்டாம். விசாரணையில் அது தெரிந்துவிட்டால் கிடைத்த வேலையும் போகும்.

"நம்மைப் பற்றி நாமே சொல்வது பெருமையடிப்பது ஆகாதா?" என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள். யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்து மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தம்மிடம் இருந்த தகுதியைச் சொல்லியே கேட்டார்கள். உள்ளதைச் சொல்வது பெருமையடிப்பது ஆகாது. இல்லாததைச் சொல்வதுதான் தவறு.

பெயரும் எழுத்தும்

நம் வீடுகளில் இது ஒரு தனிச் சிக்கல். மார்க்‌ஷீட்டில் 'முகம்மது' என்று முழுப் பெயர், ஆதாரில் அதைச் சுருக்கி 'எம்.டி.', பான் கார்டில் வேறு எழுத்து. சையது, ஷேக் போன்றவை ஒரு ஆவணத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால். தமிழ்நாட்டில் இனிஷியல் போதும், பெங்களூர் கம்பெனியின் படிவமோ குடும்பப் பெயர் கேட்கும். ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு விதமாக நிரப்பினால் சரிபார்ப்பில் மூன்று ஆட்கள் போலத் தெரியும். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் உள்ளதை அடிப்படையாக வைத்து மற்றவற்றை இப்போதே திருத்துங்கள். வேலை கிடைத்த பிறகு ஓடுவதைவிட இது நல்லது.

இனி, பெரியவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விக்கு வருவோம். "பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிடுகிறார்களோ?"

இதை ஆய்வு செய்திருக்கிறார்கள். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரண்டு அறிஞர்கள் 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரித் தகுதியோடு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். முடிவு 2007-ல் வெளிவந்தது. மேல்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், முஸ்லிம் பெயருக்கு அழைப்பு வரும் சாத்திய விகிதம் மூன்றில் ஒரு பங்குதான். தலித் பெயருக்கும் குறைவுதான். 2022-ல் லெட் பை ஃபவுண்டேஷன் பெண்களுக்காக இதே போன்ற ஒரு ஆய்வு செய்தது. ஒரே தகுதியுள்ள இரண்டு ரெஸ்யூம்கள், ஆயிரம் வேலைகள். இந்துப் பெயருக்கு 208 சாதகமான பதில்கள், முஸ்லிம் பெயருக்கு 103.

இதைச் சொல்வது உங்கள் மனதை உடைக்க அல்ல. இந்த எண்களை நாம் இரண்டு விதமாகப் பயன்படுத்த வேண்டும்.

ஒன்று, கணக்கு. அந்த ஆய்வில் சாதகமான பெயருக்கே ஐந்து விண்ணப்பத்துக்கு ஒரு பதில்தான் வந்தது. நம் பெயருக்குப் பத்துக்கு ஒன்று. அப்படியிருக்க, நான்கு இடத்தில் போட்டுவிட்டு "எனக்கு வேலை எழுதி வைக்கவில்லை" என்று வீட்டில் உட்காரும் பிள்ளை, கணக்கு முடியும் முன்பே எழுந்துவிட்டான். ஒரு நோட்டுப் போடுங்கள். கம்பெனி, தேதி, எந்த வேலை, என்ன பதில் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். முப்பது வரை போன பிறகும் அழைப்பு இல்லையென்றால் ரெஸ்யூமை நம்மிடம் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.

இரண்டு, வழி. தாள் மட்டும் பேசும் இடத்தில் பெயர் முந்திக்கொள்கிறது. கை பேசும் இடத்துக்குப் போனால் வேலை முந்திக்கொள்ளும். அப்ரண்டிஸ் சட்டம் 1961-ன்படி முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பயிற்சியாளர்களை எடுக்க வேண்டும். ஐ.டி.ஐ., டிப்ளமோ, டிகிரி முடித்தவர்கள் அதற்கான அரசு இணையதளங்களில் பதிவு செய்யுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்கு நேரில் போங்கள். ஏற்கெனவே உள்ளே இருக்கும் நம் சகோதரர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கும் செய்தி வந்தால் ஜமாஅத் பலகையில் ஒட்டுங்கள். தகுதி உள்ளவரை மட்டும் சிபாரிசு செய்யுங்கள், அப்போதுதான் அடுத்தவருக்கும் கதவு திறந்திருக்கும்.

பெயரை மாற்றி எழுதலாமா என்று ஒரு பிள்ளை கேட்டான். வேண்டாம். ஆவணத்தோடு ஒத்துப்போகாத பெயர் எங்கும் செல்லாது. அதோடு, பெயரை மறைத்து நுழைந்த இடத்தில் நிம்மதியாக வேலை செய்யவும் முடியாது.

வீட்டார் செய்ய வேண்டியவை

கடைசியாகப் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். ரெஸ்யூமில் அப்பாவின் நம்பரைப் போடுகிறார்கள். கம்பெனியிலிருந்து அழைப்பு வரும்போது அப்பா வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார், அல்லது தொழுகையில் இருப்பார். அந்த அழைப்பு திரும்ப வருவதில்லை. ரீசார்ஜ் தீராத ஒரே நம்பரை, பிள்ளையின் கையில் இருக்கும் நம்பரைப் போடுங்கள். பெண் பிள்ளைகளின் நம்பரைத் தரத் தயங்குகிறோம், தெரியாத நம்பர் வந்தால் எடுக்காதே என்கிறோம். உள்ளூரிலேயே பெண்களைப் பெருமளவில் எடுக்கும் தொழிற்சாலைகள் வந்துவிட்ட காலம் இது. வேலைக்கு எழுதிப் போட்ட சில வாரங்களுக்காவது அவளே எடுத்துப் பேசட்டும், பக்கத்தில் அம்மா இருக்கட்டும். ஷிப்ட், கம்பெனி பஸ், தங்குமிடம் பற்றி முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். இன்டர்வியூவில் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

வேலை வாங்கித் தருகிறேன், டெபாசிட் கட்டு என்று யார் கேட்டாலும், எந்தக் கம்பெனியின் பெயரைச் சொன்னாலும், ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். முறையான கம்பெனி வேலை கொடுக்கப் பணம் வாங்காது.

பிள்ளைகளே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். தெரிந்த மொழிகள், கை வைத்த வேலைகள், தொட்ட மெஷின்கள், பார்த்த கணக்குகள் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை அதை நம் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தில் அதைச் சரியாக அமைத்துத் தர, படித்த இளைஞர்கள் சிலர் உட்காருகிறார்கள். கட்டணம் எதுவும் இல்லை.

நம் முயற்சிகளை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. வஸ்ஸலாம்.