எது அவர்கள் வீட்டு விவகாரம், எது நம் விவகாரம்?



நம் தென்னேரி டீக்கடையில் தேர்தல் பேச்சு எடுத்தால், "அந்த ஆளுக்குச் சின்ன வீடு இருக்கு, தெரியுமா?" என்பதோடு முடிந்துவிடுகிறது. ஏரி மதகையோ நெசவுக் கூலியையோ யாரும் கேட்பதில்லை.

1949 ஜூலையில், 70 வயதை நெருங்கிய பெரியார் மணியம்மையாரை மணந்தார். ஊர் வயதைச் சொல்லிக் கேலி பேசியது. நம் காஞ்சிபுரத்து அண்ணா பிரிந்துபோய் செப்டம்பரில் தி.மு.க.வைத் தொடங்கினார். அன்று இரண்டு கேள்விகள் கலந்திருந்தன. யாரை மணப்பது என்பது அவர்கள் இருவரின் விவகாரம். இயக்கத்தை அடுத்து யார் நடத்துவது என்பது தொண்டர்கள் கேட்கவேண்டிய கேள்வி. வம்பு பேசியவர்களுக்கு முதல் கேள்வியே போதுமாக இருந்தது.

1967-ல் ஆட்சிக்கு வந்த அண்ணா, பெரியாரைத் தேடிப்போய்ச் சந்தித்தார். சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பும் தந்தார். பழைய கசப்பு கடமைக்குக் குறுக்கே வரவில்லை.

அதற்காக, தலைவர்கள் "சொந்த விஷயம்" என்று சொல்வதையெல்லாம் நான் விட்டுவிடச் சொல்லவில்லை. மனைவியை அடிப்பது, உதவி கேட்டு வந்த பெண்ணிடம் அத்துமீறுவது, வேறு சாதியில் காதலித்த மகளை மிரட்டுவது எல்லாம் குற்றம். யார் பாதிக்கப்பட்டார், அதிகாரம் அதில் எங்கே புகுந்தது என்று பாருங்கள். வீட்டுக்குள் சாதி பார்ப்பவர் சட்டமன்றத்தில் நமக்காகப் பேசமாட்டார்.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் சின்ன வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டாம். அவருடைய பெரிய வீட்டுக்குள் எல்லாச் சாதியும் நுழையலாமா என்று கேளுங்கள்.