உயிர் காத்த மருந்தை நாம் காப்போம்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



விழா மேடையிலே நோயையும் மருந்தையும் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். எனினும், தன் வாழ்நாளின் பெரும்பகுதியை ஆஸ்பத்திரி வாட்டுகளிலே கழித்த ஒருவனைப் பேச அழைத்தால், அவன் தான் அறிந்ததைத்தானே பேசுவான்! அன்ரிபயோற்றிக் என்று நாம் வழங்கும் கிருமிகொல்லி மருந்துகள் ஆஸ்பத்திரிகளில் அளவுக்கு மீறிப் பயன்படுவதால் விளையும் கேட்டையும், அதனைக் குறைக்கும் வழியையும் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

1928ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் அலெக்சாண்டர் பிளெமிங் என்பவர் பெனிசிலினைக் கண்டறிந்தார். 1941இல் ஒக்ஸ்போர்ட் நகரில், கிருமி தொற்றி மரணத் தறுவாயில் இருந்த ஒரு பொலிஸ்காரருக்கு அதனை ஏற்றினார்கள். சில நாட்களில் காய்ச்சல் தணிந்தது. அவர் உணவும் உட்கொண்டார். ஆனால் உலகிலே அப்பொழுது இருந்த பெனிசிலின் சொற்பம். அவருடைய சிறுநீரிலிருந்துகூட மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றிப் பார்த்தார்கள். அதுவும் முடிந்தது. நோய் திரும்பியது, அவர் இறந்தார்.

மருந்து போதாமையால் அன்று ஒருவர் இறந்தார். இன்றோ மருந்து அலுமாரி நிறைய இருந்தும், அது கிருமியிடம் தோற்றுப் போவதால் மக்கள் இறக்கின்றார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகளின் நேரடி விளைவாக 2019ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் ஏறக்குறைய 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்று 2022இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

இது எவ்வாறு நேர்ந்தது? நம் உடலிலே கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றிற் பெரும்பாலானவை தீங்கு செய்வதில்லை; பல நமக்கு உதவியும் புரிகின்றன. நாம் கொடுக்கும் மருந்து பகைவனை மாத்திரம் தேடிச் செல்வதில்லை. வழியில் நின்ற நண்பனையும் கொல்கின்றது. தப்பிப் பிழைப்பவை மருந்தைத் தாங்கும் வலிமை பெற்ற சில கிருமிகளே. வெறுமையான வயலிலே களை பரவுவதுபோல அவை பெருகுகின்றன. தம் வலிமையைப் பிற இனக் கிருமிகளுக்கும் கொடுத்துவிடுகின்றன. ஆஸ்பத்திரியிலோ கட்டிலோடு கட்டில், நலிந்த உடல்கள், ஒருவரைத் தொட்ட கை அடுத்தவரையும் தொடுகின்றது. பரவுவதற்கு வேறென்ன வேண்டும்?

மருந்தை முறைதவறிக் கையாண்டால் கிருமிகள் அதனைத் தாங்கப் பழகிவிடும் என்று 1945இல் நோபெல் பரிசு பெற்றபோதே பிளெமிங் எச்சரித்தார். பெனிசிலினுக்கு அடங்காத கிருமிகளை ஒடுக்க 1959இல் மெதிசிலின் என்ற மருந்து வந்தது. 1961இல் அதற்கும் அடங்காத கிருமி இங்கிலாந்தில் காணப்பட்டதாக அறிவித்தார்கள். இடைவெளி இரண்டே ஆண்டுகள்!

பிறரைக் குறைகூறுமுன் என் குறையைக் கூறுவது முறை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாட்டியார் மூச்சு முட்டலோடு என் வாட்டுக்கு வந்தார். இருதயப் பலவீனமே காரணம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆயினும் மக்களும் மருமக்களும் சூழ நின்று, "டொக்டர், நல்ல பலமான மருந்தாகப் போடுங்கோ" என்று மன்றாடினார்கள். மறுத்து விளக்க எனக்கு நேரமில்லை. உண்மையைச் சொன்னால், துணிவும் இல்லை. பத்து நாட்கள் ஊசி ஏறியது. பின்னர் குடலிலே நல்ல கிருமிகள் அழிய, தீய கிருமி பெருகிக் கடும் வயிற்றோட்டம் கண்டது. உயிர் பிழைத்தார். ஆனால் தம் காலால் நடந்து வந்தவர், பிறர் தூக்கிச் செல்லவே வீடு திரும்பினார். அந்த மருந்துத் துண்டிலே இருந்தது என் கையெழுத்து.

அவருக்கு வந்த நோயை உண்டாக்குவது குளொஸ்ரிடியம் டிபிசில் என்ற கிருமி. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் 2006ஆம் ஆண்டளவில் அது பெரும் கொள்ளைநோயாக இருந்தது. சில வகை மருந்துகளை, குறிப்பாக புளோரோகுயினொலோன் இனத்தை, அங்கே கட்டுப்படுத்தினார்கள். நோய் ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்தது. கை கழுவியதாலும் கட்டில்களைத் துப்புரவாக்கியதாலும்தான் குறைந்ததோ என்று ஆராய்ந்தார்கள். அவ்வாறாயின் எல்லா வகை டிபிசில் கிருமியும் ஒருங்கே குறைந்திருக்க வேண்டும். குறைந்தவையோ அந்த மருந்துக்கு அடங்காத வகைகளே! ஆகவே மருந்தைக் குறைத்ததே முதன்மைக் காரணம் என்று 2017இல் எழுதினார்கள். நாம் மனம் வைத்தால் கேட்டைத் திருப்பலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வழிகள் எளியவை. முதல் ஊசிக்கு முன்னரே இரத்தத்தையோ சிறுநீரையோ எடுத்து, கிருமி எது என்று அறியச் சோதனைக்கு அனுப்புதல். இரண்டு மூன்று நாட்களில் முடிவைப் பார்த்து, வேண்டாவிடின் மருந்தை நிறுத்துதல், வேண்டுமாயின் அக்கிருமிக்கு மாத்திரம் உரியதாக மாற்றுதல். விழுங்க இயலும் நோயாளிக்கு ஊசியை விட்டுக் குளிசை கொடுத்தல். சத்திரசிகிச்சைக்கு முன் காப்பாகக் கொடுத்த மருந்தைப் பின்னரும் நாட்கணக்கில் நீட்டாதிருத்தல். ஒவ்வொரு நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கை கழுவுதல். இவ்வளவே.

மருந்தே வேண்டாம் என்று நான் கூறுவதாக எவரும் எண்ணலாகாது. இரத்தத்திலே கிருமி பரவி உயிர் ஊசலாடும்போது, ஒரு மணி நேரத் தாமதமும் ஆபத்தே. அந்த வேளைக்கு மருந்து வலிமையோடு இருக்க வேண்டும் என்பதற்காகவே மற்ற வேளைகளில் அடக்கம் வேண்டுகின்றேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் வாக்கன்றோ?

பெரியோர்களே! தடிமலுக்கும் டெங்குக் காய்ச்சலுக்கும் காரணம் வைரசு. அதனை இம்மருந்துகள் கொல்லமாட்டா. "மருந்து எழுதாத டொக்டர் கெட்டிக்காரர் அல்லர்" என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். சென்ற முறை மிஞ்சிய குளிசையை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடாதீர்கள்.

இளைஞர்களே! ஆஸ்பத்திரிக்குச் சென்று முதியோருக்குத் துணை நிற்பவர்கள் நீங்கள். கட்டிலை அணுகுமுன் கை கழுவுங்கள். பணிவோடு வைத்தியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்த மருந்து எதற்காக? எத்தனை நாட்களுக்கு? சோதனை முடிவு வந்ததும் குறைக்கலாமா? அன்று அந்த மூதாட்டியாரின் கட்டிலருகே நின்று என்னை இவ்வாறு கேட்க ஓர் இளைஞன் இருந்திருப்பானாயின், நான் என் பேனாவைச் சற்று நிறுத்தியிருப்பேன்.

நம் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் இம்மருந்து பலிக்க வேண்டும். அதற்கு ஆவன செய்வோமாக.