நிராகரிக்கும் வாக்கும் நியமிக்கும் கையும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தேர்தல் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் பலருடைய முகத்தில் இப்பொழுது சலிப்புத் தோன்றுகிறது. "யாருக்குப் புள்ளடி போட்டால் என்ன? நிற்பவர்களில் ஒருவர்தானும் தேறவில்லையே" என்று சந்தையிலும் கேட்கிறோம், நீதிமன்ற வாசலிலும் கேட்கிறோம். இதனைச் சோம்பல் என்று இகழ நாம் உடன்படோம். வாக்கின் பெறுமதியை அறிந்தவனுக்கே அதனை வீணாகக் கொடுக்க மனம் வராது. ஆயினும், சலிப்புற்ற வாக்காளன் அடுத்துச் செய்யவேண்டியது யாது என்ற கேள்விக்கு நாம் விடை காணாவிட்டால், அவனுடைய சலிப்பே தகுதியற்றவர்களின் மூலதனமாகிவிடும்.

இவ்விடயத்தில் நாம் பாக்கு நீரிணைக்கு அப்பால் நோக்குவது பொருத்தமானது. நமது மாகாண சபைகள் 1987ஆம் ஆண்டின் இந்திய - இலங்கை உடன்படிக்கையின் வழிப் பிறந்தவை. அவற்றுக்கு இருக்கவேண்டிய அதிகாரங்களைப் பற்றி வாதாடும்போதெல்லாம் இந்திய மாநிலங்களை நாம் எடுத்துக்காட்டுகிறோம். அதிகாரத்தின் அளவை அங்கிருந்து கற்க விரும்பும் நாம், அதிகாரத்தைக் கையேற்பவரைத் தெரிவுசெய்யும் முறையில் அங்குள்ள மக்கள் பட்ட பாட்டையும் அறிந்துகொள்ளல் வேண்டும்.

முதலில் கமக்காரர் சம்பந்தப்பட்ட ஒன்றைக் கூறுவோம். 1996ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டசபைத் தேர்தலில், ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 அபேட்சகர்கள் போட்டியிட்டார்கள். தங்கள் குறைகளை எந்தக் கட்சியும் செவிமடுக்கவில்லை என்று மனம் வெதும்பிய விவசாயிகள் கூட்டங்கூட்டமாக நியமனப் பத்திரம் தாக்கல் செய்தமையே இதற்குக் காரணம். வாக்குச்சீட்டை ஒரு புத்தகமாக அச்சிட வேண்டியதாயிற்று, வாக்களிப்பும் பிற்போடப்பட்டது. நாடு முழுவதும் அத்தொகுதியின் பெயர் அடிபட்டது. முடிவில் வென்றவரோ பெருங்கட்சியொன்றின் அபேட்சகரே. ஒரு வாக்குக்கூடப் பெறாத அபேட்சகர்களும் பலர் இருந்தார்கள்.

அதன் பின்னர் நடந்ததே நாம் சிந்திக்கவேண்டியது. இத்தகைய நிகழ்ச்சிகளைக் கண்ட இந்திய அரசு அதே ஆண்டில் தேர்தற் சட்டத்தைத் திருத்தியது. சட்டசபை அபேட்சகர் கட்டவேண்டிய கட்டுப்பணம் 250 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாயிற்று. அங்கீகாரம் பெற்ற கட்சியின் ஆதரவில்லாதவரைப் பத்து வாக்காளர்கள் முன்மொழிய வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. விவசாயிகள் தங்கள் குறைகளைக் கேட்பிக்கவே அவ்வாறு திரண்டார்கள். சட்டமோ ஏழை அபேட்சகன் நுழையும் வாசலை இன்னும் ஒடுக்கிற்று. கட்சிகள் யாரை நிறுத்தவேண்டும் என்பதைப் பற்றி அத்திருத்தம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இரண்டாவது வழி, யாரையும் விரும்பவில்லை என்பதை வாக்குச் சாவடியிலேயே பதிவு செய்வது. இந்தியத் தேர்தல் நடத்தை விதிகளில் 49-ஓ என்றொரு விதி இருந்தது. அதன்படி, வாக்களிக்க விரும்பாதவர் வாக்குச் சாவடித் தலைமை அலுவலரிடம் அதனைத் தெரிவிக்க வேண்டும். அலுவலர் பதிவேட்டில் குறிப்பு எழுத, வாக்காளர் ஒப்பமிட வேண்டும். கட்சி முகவர்கள் பார்த்துக்கொண்டிருக்க இவ்வாறு செய்வதற்கு எத்தனை பேருக்குத் துணிவு வரும்? வாக்களிப்பவருக்குக் கிடைத்த இரகசியம் வாக்களிக்க மறுத்தவருக்குக் கிடைக்கவில்லை.

இவ்வநீதியை எதிர்த்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2004ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தது. 2013 செப்ரெம்பர் 27ஆம் நாள், பிரதம நீதியரசர் ப. சதாசிவம் தலைமையில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. அவர் இன்றைய ஈரோடு மாவட்டத்துக் கிராமமொன்றிலே பிறந்த தமிழர். நிராகரிப்பவருக்கும் இரகசியம் உரியது என்றும், மேற்கண்டோரில் எவருக்கும் வாக்கில்லை எனக் குறிக்கும் பொத்தான் ஒன்று வாக்குப் பொறியில் இருக்கவேண்டும் என்றும் நீதிமன்றம் பணித்தது. பெருந்தொகையான மக்கள் தங்கள் அபேட்சகர்களை ஏற்கவில்லை எனக் காணும் கட்சிகள், காலப்போக்கில் நேர்மையாளரை நிறுத்தும் என்ற நம்பிக்கையையும் அத்தீர்ப்பு வெளியிட்டது.

அத்தீர்ப்புக்கு ஆறு நாட்களுக்கு முன்னரே, 2013 செப்ரெம்பர் 21இல், வட மாகாண சபைத் தேர்தலில் நம்மவர் வாக்களித்தார்கள். நமது வாக்குச்சீட்டில் நிராகரிப்பதற்கென ஒரு கூடு இல்லை. வெறுப்பினாற் சீட்டைப் பழுதாக்கியவரும், புள்ளடி இடும் முறை தெரியாது பிழைவிட்டவரும் 'நிராகரிக்கப்பட்ட வாக்குகள்' என்னும் ஒரே தொகையில் அடங்கிவிடுகிறார்கள். மக்களின் கோபமும் மக்களின் தவறும் ஒரே கணக்கில் எழுதப்படுகின்றன.

அப்படியானால் இந்திய வாக்காளருக்குக் கிடைத்த பொத்தானால் விளைந்த பயன் யாது? 2013ஆம் ஆண்டு இறுதியில் தில்லி, இராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், மிசோரம் ஆகிய ஐந்து இடங்களின் சட்டசபைத் தேர்தல்களில் அது முதன்முறை பயன்பட்டது. 2015இல் பீகாரில் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனை அழுத்தினர். 2018இல் மத்தியப் பிரதேசத்தில் ஐந்து இலட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அழுத்தினர். அங்கு இரு பெருங்கட்சிகளும் மாநிலம் முழுவதும் பெற்ற வாக்குகளின் வித்தியாசமோ ஏறத்தாழ நாற்பத்தெட்டாயிரமே. 2019இல் மராட்டிய மாநிலத்து இலாத்தூர் கிராமியத் தொகுதியில் இரண்டாம் இடத்தைப் பெற்றது எந்த அபேட்சகருமல்லர். நிராகரிப்பு வாக்கே இருபத்தேழாயிரத்துக்கு மேற் பெற்று இரண்டாவதாக நின்றது.

இவை அற்பத் தொகைகளல்ல. எனினும் சட்டத்தின் கண்ணில் இவற்றின் பெறுமதி யாது? நிராகரிப்பு வாக்கே எல்லாவற்றிலும் கூடுதலாக விழுந்தாலும், அதற்கு அடுத்தபடி வாக்குப் பெற்ற அபேட்சகரே வென்றவராவார் என்பதே சட்டசபைத் தேர்தலுக்குரிய ஏற்பாடு. நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் எவரும் வேண்டாம் என்றாலும், எஞ்சிய ஒருவரின் வாக்கைப் பெற்றவர் அந்த நூறு பேருக்கும் பிரதிநிதி. ஆட்சேபனையைக் கேட்டு, குறித்து வைத்து, தீர்ப்பை மாற்றாது எழுந்துபோகும் நீதிமன்றத்தை நம்மில் எவர் ஏற்றுக்கொள்வார்?

இக்குறையை உணர்ந்த மராட்டிய, அரியானா மாநிலத் தேர்தல் ஆணையங்கள் 2018இல் உள்ளூராட்சித் தேர்தல்களுக்கு ஒரு முறையை வகுத்தன. நிராகரிப்பு வாக்கையும் ஓர் அபேட்சகராகவே கருதி, அது முதலிடம் பெற்றால் மறுதேர்தல் நடத்துவது அம்முறை. அரியானாவில், அவ்வாறு தோற்றவர் அம்மறுதேர்தலில் நிற்கவும் முடியாது. நிராகரிப்புக்கு விளைவு உண்டு என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்ட இடம் இதுவே. நமது நாட்டிலும் நிராகரிப்புக் கூடு ஒன்று வேண்டுமெனில், இத்தகைய விளைவோடு கூடியதையே நாம் கோரவேண்டும்.

மூன்றாவது வழியையும் பாருங்கள். 2020 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் மற்றொரு கட்டளையைப் பிறப்பித்தது. குற்றவழக்கு நிலுவையிலுள்ள ஒருவரைக் கட்சி நியமிக்குமானால், அவ்வழக்குகளின் விபரத்தையும், அவரைத் தெரிந்ததற்கும் வழக்கில்லாத பிறரைத் தெரியாததற்குமுரிய காரணத்தையும் கட்சி பகிரங்கப்படுத்த வேண்டும். வெல்லக்கூடியவர் என்பது மட்டும் காரணமாகாது. இக்கட்டளை 2020 பீகார்த் தேர்தலில் முறையாக நிறைவேற்றப்படாமையால், 2021 ஓகஸ்டில் எட்டுக் கட்சிகளுக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. நாட்டை ஆண்ட கட்சியும் பிரதான எதிர்க்கட்சியும் அவற்றுள் அடங்கும். ஆறு கட்சிகளுக்குத் தலைக்கு ஓர் இலட்சம், இரண்டுக்கு ஐந்து இலட்சம். பெருங்கட்சிகளுக்கு இது ஒரு பொதுக்கூட்டப் பந்தலின் செலவும் ஆகாது. ஆயினும் சட்டம் சரியான கதவைத் தட்டிற்று என்பதை நாம் கவனிக்கவேண்டும். அது வாக்குச் சாவடியின் கதவன்று. கட்சி நியமனம் நடக்கும் அறையின் கதவு.

அன்பர்களே, நாம் சொல்லவந்த பொருள் இதுதான். தகுதியற்ற அபேட்சகன் தேர்தல் தினத்தில் உண்டாவதில்லை. அவன் நியமன தினத்துக்கு முன்னர், சிலர் கூடிய அறையில், நாம் அறியாத காரணங்களுக்காக உண்டாகிறான். விதைநெல்லைத் தெரியும் நாளில் வீட்டிற் கிடந்துவிட்டு, சூடு மிதிக்கும் நாளில் எல்லாம் பதர் என்று தலையில் அடித்துக்கொள்ளும் கமக்காரன் எவனும் நம்மிடையே இல்லை. காணி ஒன்றை விற்க அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுப்பவன், பிரசித்த நொத்தாரிசிடம் போகுமுன் எத்தனை பேரிடம் விசாரிக்கிறான்! நமக்காகப் பேசும் தத்துவத்தை ஐந்து ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுக்கும்போது மட்டும், யாரோ நிரப்பித் தந்த பத்திரத்திற் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிடுகிறோம்.

நமது விகிதாசாரத் தேர்தல் முறையில் இது இன்னும் முக்கியமானது. பட்டியலிலுள்ள மூவருக்கு விருப்பு வாக்களிக்கும் உரிமை நமக்குண்டு. அப்பட்டியலில் யார் இடம்பெறுவது என்பதிலோ நமக்குச் சொல் இல்லை. பட்டியல் பழுதாயின் விருப்பு வாக்கு பழுதானவற்றுள் ஒழுங்குமுறையை மாற்றுமே ஒழிய, வேறொன்றும் செய்யாது.

அப்படியானால் வாக்களிக்காமலே இருந்துவிடுவோம் என்று சொல்வோரும் உண்டு. 1931ஆம் ஆண்டில் அரசாங்க சபைத் தேர்தலை யாழ்ப்பாணக் குடாநாடு பகிஷ்கரித்தது. பூரண சுயாட்சி வழங்காத அரசியலமைப்பை ஏற்கமாட்டோம் என்ற உயர்ந்த இலட்சியமே அதற்குக் காரணம், அபேட்சகர்களில் வெறுப்பன்று. அந்த வாலிபர்களின் தியாக எண்ணத்தை நாம் வணங்குகிறோம். ஆனால் 1934இல் இடைத்தேர்தல் நடைபெறும்வரை குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் வெறுமையாகக் கிடந்தன; சபை நம்மைக் காத்திருக்கவில்லை. இலட்சியத்துக்காக விடப்பட்ட ஆசனங்களே இவ்வாறாயின், சலிப்பினால் விடப்படும் ஆசனத்தின் கதியைச் சொல்லவும் வேண்டுமா? எண்ணிக்கையிற் சிறிய மக்களாகிய நாம் ஒரு வாக்கைத்தானும் இழக்கும் நிலையில் இல்லை.

ஆகவே நாம் செய்யத்தக்கவை எவை? கிராமந்தோறும் கமக்காரர் அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் உண்டு. நியமனப் பத்திரம் கோரப்படும் முன்னரே அங்கு கூடி, கட்சிகளிடம் எழுத்தில் மூன்று கேள்விகள் கேட்போம். யாரை நிறுத்த எண்ணுகிறீர்கள்? எக்காரணத்துக்காக? அவர் இதுவரை செய்த பொதுப்பணி யாது? விடை தராத கட்சியின் மௌனத்தையும் ஊர் அறியச் செய்வோம். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி அபேட்சகர்கள் செலவுக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள். அக்கணக்குகளைப் பார்த்து, ஊரிற் கண்ட செலவோடு ஒப்பிட்டுச் சொல்லச் சட்டம் படித்தவர்களும் கணக்காளர்களும் முன்வரட்டும். மருந்துக்கும் உரத்துக்கும் கடன்படும் கமக்காரன் தன் பணத்தில் தேர்தலில் நிற்க முடியாது. பணமுடையவனோடு அவன் சமமாக நிற்பதற்கு இச்சட்டத்தை நாமே காவல் செய்யவேண்டும்.

படித்த நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நல்லவர் எவரும் நிற்கவில்லை என்று மிகுதியாக முறையிடுகிறவர்கள் நீங்களே. நல்லவர் ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்கும் நீங்களே விடை சொல்லவேண்டும். அரசியல் அழுக்கானது என்று வெள்ளை வேட்டியோடு வரம்பில் நிற்பவர், சேற்றில் இறங்கியவன் விளைச்சலைக் கொண்டுபோகிறான் என்று வருந்துவதிற் பொருளில்லை.

2018 ஒக்ரோபரில் வட மாகாண சபையின் ஆயுள் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகள் தேர்தலின்றியே ஆளுநரின் நிருவாகத்திற் கழிந்தன. தேர்தல் நடத்தும்படி கேட்பது நமது உரிமை, கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் அந்நாள் வரும்பொழுது பழைய பட்டியலே புதிய தாளில் அச்சாகி வருமாயின், நாம் காத்திருந்ததன் பயன் என்ன? அடுத்த நியமனப் பத்திரத்துக்குரிய பெயர்களைப் பற்றிய பேச்சு எங்கோ ஓர் அறையில் ஏற்கனவே தொடங்கியிருக்கும். அப்பேச்சை உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்திலும் இந்த மாதமே தொடங்குங்கள்.