கால் மரத்துப் போவதேன்?



"கால் கடுக்கிறது" என்னும் சொல்லைத் தோட்டத்தில் நாம் கேட்காத நாளில்லை. விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், ஐந்நூறு மரங்களுக்குப் பால் வெட்டி, வாளி தூக்கி வருகிறவருக்குக் கால் கடுக்காமல் என்ன செய்யும்? செம்பனைக் குலைகளைச் சுமக்கிறவருக்கும் இதே நிலைதான். ஆகவே கால் வலி என்றால் கொஞ்சம் தைலம், கொஞ்சம் தூக்கம் என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது போதுமானதுதான். ஆனால் இன்று நாம் பேசப் போவது அந்த வலியைப் பற்றியன்று. காலில் எறும்பு ஊர்வது போலவும், ஊசி குத்துவது போலவும், பஞ்சின் மேல் நடப்பது போலவும் சிலர் சொல்கிறார்களே, அதைப் பற்றி. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அது நீங்காமல் இருந்தால் என்ன செய்வது, யாரிடம் எப்படிச் சொல்வது என்பதைப் பார்ப்போம்.

முதலில் சொல்லைப் பற்றியே சொல்லிவிடுகிறோம். ஆசிரியர்கள் அல்லவா, எங்களுக்குச் சொல்லில்தான் கண் போகும். தமிழில் இதற்கு எத்தனை சொற்கள்! மரத்துப் போகிறது, மதமதக்கிறது, குறுகுறுக்கிறது, விறுவிறுக்கிறது, எரிகிறது. ஒவ்வொன்றும் ஒவ்வோர் உணர்ச்சி. ஆனால் கிளினிக்குக்குப் போனதும் இவை எல்லாம் மறந்து, மலாயில் "சாக்கிட் காக்கி" என்ற இரண்டே சொற்களாகச் சுருங்கிவிடுகின்றன. கால் வலி என்று கேட்ட மருத்துவர், வெளியே ஐம்பது பேர் காத்திருக்கும்போது, வலி மாத்திரை எழுதிக் கொடுப்பதில் வியப்பென்ன? மரத்துப் போவதற்கு மலாயில் "கெபாஸ்" என்று சொல்ல வேண்டும். எறும்பு ஊர்வது போலிருந்தால் "செமுத்-செமுத்", ஊசி குத்துவது போலிருந்தால் "சுச்சுக்-சுச்சுக்". இந்த மூன்று சொற்களைத் தெரிந்துகொண்டு போனாலே மருத்துவரின் எண்ணம் தசையை விட்டு நரம்பின் பக்கம் திரும்பும்.

இந்த நரம்பு என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் உண்டு. இரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம். தசைநாரையும் நரம்பு என்கிறோம். "நரம்பு சுண்டி இழுக்கிறது" என்று பிடித்துவிடச் சொல்கிறோம். மருத்துவர் நரம்பு என்று சொல்வது உணர்ச்சியை மூளைக்குக் கொண்டு செல்லும் கம்பியை. இடுப்பிலிருந்து கால் கட்டைவிரல் வரை ஓடும் நரம்பு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். உடம்பு முழுவதையும் தாக்கும் ஒரு கோளாறு வந்தால் மிக நீளமான கம்பிதான் முதலில் பழுதாகும். அதனால்தான் மரத்துப் போவது இரண்டு கால்களின் விரல் நுனிகளிலும் தொடங்கி, காலுறை போட்டதைப் போல மெல்ல மேலேறுகிறது. ஒரே காலில், பிட்டத்திலிருந்து தொடையின் பின்புறமாக இறங்கினால் காரணம் பெரும்பாலும் முதுகில் இருக்கும். அங்கே எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தும். சுமை தூக்குகிறவர்களிடம் இதைக் காணலாம்.

ஆகவே கிளினிக்குக்குப் போகுமுன், பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்து எழுதிக்கொள்ளுங்கள். எப்போது தொடங்கியது? ஒரு காலா, இரண்டுமா? பாதம் வரையா, முழங்கால் வரையா? கையிலும் உண்டா? இரவில் கூடுகிறதா? செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்ததுண்டா? என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள்? அந்த மாத்திரைப் பொட்டலங்களையே எடுத்துச் செல்வது இன்னும் நல்லது. காசநோய்க்குக் கொடுக்கப்படும் ஐசோனியாசிட் என்னும் மருந்துகூட நரம்பைத் தாக்கக்கூடும். அதைத் தடுக்கவே கூடவே பி6 வைட்டமின் கொடுக்கிறார்கள். மருந்தடிக்கும் வேலை செய்கிறவர் என்றால், என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்பதையும் பீப்பாயின் மேலுள்ள பெயரைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். சில பூச்சிக்கொல்லிகளின் கடும் நஞ்சுக்கு ஆளானவர்களுக்கு, இரண்டு மூன்று வாரம் கழித்துக் கால் நரம்பு பாதிக்கப்படுவதுண்டு.

இனி, காரணங்களில் முதலிடம் பெறுவது எது என்று கேட்டால், இனிப்புநீர்தான். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கிறது. அவர்களில் ஐந்து பேருக்கு இருவர், தமக்கு அது இருப்பதை அறியாதவர்கள். 2019ஆம் ஆண்டின் ஆய்வில் இந்தியர்களிடையே மட்டும் எடுத்துப் பார்த்தபோது, மூன்று பேருக்கு ஒருவர் என்ற அளவை அது நெருங்கியிருந்தது. இனிப்புநீர் இருப்பதே தெரியாமல் பல ஆண்டுகள் நடமாடுகிறவருக்கு, முதல் அறிகுறியே காலில் எறும்பு ஊர்வதாக இருக்கலாம். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், சில நொடிகளில் எண் தெரிந்துவிடும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் வேறொரு பரிசோதனையும் உண்டு. கிளினிக்குக்குப் போகும் நாளில் மட்டும் இனிப்பைத் தவிர்த்துவிட்டு வந்தாலும் அது உண்மையைச் சொல்லிவிடும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான்.

சர்க்கரை சரியாக இருந்தால் காரியம் முடிந்ததா? இல்லை. இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள்.

எங்கள் பள்ளியில் படித்த ஒரு மாணவியின் தாயாரைப் பற்றிச் சொல்லுகிறோம். இருபது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். இரண்டு பாதங்களும் மரத்தன. ஒரு கிளினிக்கில் சர்க்கரை பார்த்தார்கள், சரியாக இருந்தது. "ஒன்றுமில்லை அம்மா, வேலைக் களைப்பு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லை என்று படித்தவர் சொன்ன பிறகு யார்தான் திரும்பப் போவார்கள்? உருவிவிடுகிறவரிடம் போனார். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டார். ஓராண்டு கழிந்தது. இருட்டில் வேலைக்குப் புறப்படும்போது லயத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடினார். அம்மாவுக்குக் குடிப் பழக்கம் என்று அண்டை வீட்டார் பேசினார்கள். அந்தப் பேச்சு பள்ளிக்கூடம் வரை வந்து, அந்தப் பிள்ளை இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. அப்படித்தான் எங்களுக்குச் செய்தியே தெரிந்தது.

மகளும் நாங்களுமாகச் சேர்ந்து அவரை மீண்டும் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்து கடிதம் வாங்கிப் பெரிய மருத்துவமனைக்குப் போனோம். அங்கே இருந்த இளம் மருத்துவர் ஊசி, மாத்திரை என்று தொடங்கவில்லை. மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்டார். அதிரும் கவையைக் கணுக்காலில் வைத்துப் பார்த்தார். சுத்தியலால் குதிகால் நாரைத் தட்டினார். காலை ஒட்டி வைத்து, கண்ணை மூடி நிற்கச் சொன்னார்; அம்மா சாய்ந்தார், அவர் தாங்கிக்கொண்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார். கணவர் மறைந்தபின் எட்டு ஆண்டுகளாக அந்த அம்மாள் கவிச்சி தொட்டதில்லை. முட்டையும் இல்லை, பால் தயிரும் இல்லை. சோறு, இரசம், கீரை, தே-ஓ. இரத்தத்தைச் சோதித்தபோது பி12 என்னும் வைட்டமின் மிகவும் குறைந்திருந்தது.

இந்த வைட்டமின் இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் இருக்கிறது. சோற்றிலும் கீரையிலும் கிடையாது. ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறை வெளியே தெரியச் சில ஆண்டுகள் ஆகும். சைவ உணவைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. பாலும் தயிரும் அதில் தாராளமாக இருந்தால் பெரும்பாலோருக்குத் தொல்லையில்லை. முதியவர்களுக்கும், குடல் அறுவை செய்துகொண்டவர்களுக்கும், இனிப்புநீருக்காக மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் உண்பவர்களுக்கும் இதே குறை வரலாம். அந்த அம்மாளுக்கு ஊசி போட்டார்கள். முதலில் அடிக்கடி, பிறகு சில மாதத்துக்கு ஒருமுறை. நடை திருந்த அரை ஆண்டு ஆயிற்று. விரல் நுனியில் மதமதப்பு இன்னும் இருக்கிறது. முதல் ஆண்டிலேயே கண்டிருந்தால் அதுவும் போயிருக்கக்கூடும் என்றார் மருத்துவர்.

வைட்டமின் குறைவால் கால் மரத்துப் போவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நூறாண்டுக்கு முன் மலாயாவில் "பெரிபெரி" என்னும் நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. முதலில் கால் மரக்கும், பிறகு நடை தளரும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களே பெரிதும் மடிந்தனர். தோட்டத் தமிழர்களை அது அதிகம் தொடவில்லை. ஏன்? 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர், நோயாளிகளை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மறு பகுதியினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டவர்களிடையேதான் நோய் பரவியது. பிறகு ஃபிரேசர், ஸ்டாண்டன் என்னும் இரு மருத்துவர்கள் ஜெலுபு வட்டாரத்தில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடையே ஆராய்ந்து, அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஒரு பொருளே காரணம் என்று 1909இல் எழுதினார்கள். அந்தப் பொருள்தான் இன்று பி1 என்று அழைக்கப்படுகிறது. நெல்லைப் புழுக்கும்போது அது அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. நம் பாட்டன்மார் ஊரிலிருந்து கொண்டுவந்த அரிசிப் பழக்கம் அவர்களைக் காத்தது.

இன்று பி1 குறைவது பெரும்பாலும் குடியால். சம்சு குடிக்கிறவர் சோற்றைக் குறைக்கிறார். உண்ட சோற்றின் சத்தையும் உடல் ஏற்பதில்லை. போதாததற்குச் சாராயமே நரம்பை அரிக்கிறது. இதை மருத்துவரிடம் மறைத்தால் அவர் இருட்டில்தான் தேட வேண்டியிருக்கும். ஒன்று சொல்லவேண்டும்: மலாய் பேசத் தெரிந்த பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துச் செல்கிறோம். பத்து வயது மகள் முன்னால், "எவ்வளவு குடிப்பீர்கள்?" என்ற கேள்விக்கு எந்தத் தகப்பன் உள்ளதைச் சொல்லுவார்? அந்த வேளைக்குத் தமிழ் தெரிந்த தாதியைக் கேளுங்கள். அல்லது ஒரு நண்பரை அழைத்துச் செல்லுங்கள்.

கடையில் "நரம்பு மாத்திரை" என்று விற்பதை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களும் உண்டு. அவற்றில் பி6 மிகுதியாக இருந்து, நெடுநாள் உண்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும். சோதனைக்கு முன் பி12 உண்டால் குறை இருப்பதும் மறைந்துவிடும்.

இன்னொரு நோயின் பெயரைச் சொல்லத் தயங்குகிறோம். ஆனால் சொல்லத்தான் வேண்டும். தோலில் வெளுத்த அல்லது சிவந்த ஒரு தேமல், அதில் கிள்ளினாலும் உணர்ச்சியில்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். 1930இல் சுங்கை பூலோவில் குடியிருப்பு அமைத்து நோயாளிகளை ஒதுக்கி வைத்த காலம் போய்விட்டது. 1980களிலிருந்து கூட்டு மருந்து சிகிச்சை வந்து, ஆறு மாதம் அல்லது ஓராண்டில் குணமாகிறது. மருந்து தொடங்கியவுடனேயே மற்றவருக்குத் தொற்றும் அச்சமும் நீங்கத் தொடங்குகிறது. தேமலை மறைக்காமல் காட்டுங்கள்.

எல்லாப் பரிசோதனையும் செய்து காரணம் தெரியாமலே போகிறவர்களும் இருக்கிறார்கள். அப்போதும் அது பொய் நோய் ஆகிவிடாது; ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்க நாள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை காலைக் காப்பது நம் கையில். மரத்த காலுக்குச் சூடு தெரியாது. வெந்நீரில் காலை வைக்குமுன் முழங்கையால் பாருங்கள். சுடுமணல் ஒத்தடம் வேண்டாம். வேண்டுதல் இருந்தாலும் தீமிதிக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். பூட்ஸ் போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள். இரவில் பாதத்தின் அடியைப் பிள்ளையிடம் காட்டுங்கள்.

சில வேளைகளில் நோட்டுப் புத்தகத்துக்கும் நேரமில்லை. மரப்பு சில நாளில் விறுவிறுவென்று மேலேறிக் கால் பலமிழந்தால், தொடைகளுக்கு நடுவில் உணர்ச்சி போய்ச் சிறுநீரும் மலமும் கட்டுப்படாமலோ வராமலோ போனால், ஒரு பக்கக் கை கால் திடீரென்று விழுந்து வாய் கோணினால், கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். 999க்கு அழையுங்கள், வண்டி வரத் தாமதமானால் தோட்டத்தில் யாருடைய வாகனமிருந்தாலும் ஏற்றிக்கொண்டு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.